கடல் மண்ணில் பருவமழையைத் தேட ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்: வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதப்போவது 7 முதல் 45 மடங்கு வரை ஜூம் ஆகும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பைப் பற்றி. அம்பாலாவில் செய்தது. மூன்றாவது குழாயில் கேமரா மாட்டிக்கொள்ளலாம். கோவையில் ஒரு லேப் சாமான் கடையில், கேமரா இல்லாமல் 25,000 ரூபாய்க்குள் முடிந்தது. இதே உருப்படி நாலைந்து லேபிள் ஒட்டி விற்பனைக்கு வருகிறது. அதனால் பிராண்டு பெயரைச் சொல்லிப் பெரிய பயனில்லை. கடல் மண்ணில் இருக்கும் ஃபொராமினிஃபெரா (சுருக்கமாக ஃபொராம், ஓடு கட்டி வாழும் ஒற்றைச் செல் கடல் உயிரி) ஓடுகளைப் பார்க்கவும் பொறுக்கவும் இனம் பிரிக்கவும் இது போதுமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போதும். வெளிச்சத்தை மட்டும் நம் கையால் மாற்றி அமைத்துக்கொண்டால் ரொம்ப நன்றாகவே போதும்.

நான் சேலத்தில் ஜியாலஜி முதுகலை படித்தவள். இப்போது திருப்பூரில் ஒரு துணி பிராசஸிங் யூனிட்டின் குவாலிட்டி லேபில் வேலை. நாள் முழுக்க ஜிஎஸ்எம் கட்டர், ஷேடு மேட்சிங், பிக் கிளாஸ். ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகுதான் என் மேஜையில் ஃபொராம் தட்டு ஏறும்.

கொங்கு நாட்டில் கடல் புதைபடிவம் கிடைக்காது. நம் காலடியில் இருப்பது நைஸ், சார்னக்கைட் என்ற உருமாறிய பாறைகள். மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்கூட பூமிக்குள் வெந்து, அழுந்தி, படிகமாக மாறிப்போனது. அதில் எந்த உயிரின் ஓடும் மிஞ்சவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் போனால்தான் காரைக் களிமண், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் என்று பழைய கடல் தொடங்குகிறது. அப்படியிருக்க, பல்லடம் ரோட்டில் குடியிருக்கிற ஒருத்திக்குக் கடல் மிதவை உயிரி எதற்கு?

என் மாமனார் ஆனைமலையில் தென்னை வைத்திருக்கிறார். ஆனி பிறந்தால் மேற்கே பார்த்துக்கொண்டே இருப்பார். போன வருஷம் என் மேஜையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனம்முணி, இந்த மண்ணுல என்னத்தைக் கண்டுபுடிக்கிறே?"

"நம்ம தென்மேற்குப் பருவக்காத்து போன பத்தாயிரம் வருசத்துல எப்ப பலமா அடிச்சுது, எப்ப சோந்து போச்சுன்னு இதுல தெரியுங்க மாமா."

"காத்தடிச்சது மண்ணுல எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இந்தக் கருவியின் அருமை அதில்தான் இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓமன் கரையை ஒட்டியே வீசுகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. விலகின இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலே வருகிறது. பொதுவாகக் குளிர்ந்த கடல்களில் வாழ்கிற குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்ற மிதவை ஃபொராமுக்கு அது விருந்து. வெப்பமண்டலக் கடலுக்குள் அந்த இனம் இப்படி ஆழ்நீர் மேலே வரும் இடங்களில்தான் பெருங்கூட்டமாகப் பெருகும். சில வாரம் வாழ்ந்து செத்ததும் ஓடு அடியில் இறங்கிச் சேறாகப் படிகிறது. காற்று பலமாக அடித்த காலத்து அடுக்கில் புல்லாய்டிஸ் பங்கு கூடியிருக்கும். காற்று தளர்ந்த காலத்து அடுக்கில் குறைந்திருக்கும். காரக்பூர் ஐஐடியின் அனில் குப்தாவும் உடன் இருவரும் ஓமன் கரையோரத்து மண்தண்டு (கடலடியில் குழாய் இறக்கி எடுக்கும் நீள மண் உருளை) ஒன்றில் இந்த விகிதத்தை எண்ணி, 2003-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகம் முடிந்தபின் பருவக்காற்று உச்சத்தில் இருந்து பிறகு மெல்லத் தளர்ந்தது என்பதும், நடுநடுவே அது திடீரென்று சோர்ந்த காலங்கள் வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களோடு ஒத்துப்போகின்றன என்பதும் அதிலிருந்து தெரிய வந்தன.

அந்த மண்தண்டு சொல்வது ஓமன் கரையில் வீசின காற்றின் பலத்தை. ஆனைமலையில் எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்று அது சொல்லாது. மாமாவிடமும் இதைச் சொன்னேன். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து ஆழியாறை நிரப்பி, பல்லடம் உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் அதே பருவக்காற்றின் கைதான். அந்தக் காற்றின் பழைய கணக்கு அரபிக்கடலின் அடியில் கிடக்கிறது. அதைப் படிக்கும் முதல் வேலை, ஒரு சிட்டிகை மண்ணில் 300 ஓடுகளை எண்ணிப் பிரிப்பது. பிரிப்பதற்குத் தேவை இந்த மாதிரி ஒரு மைக்ராஸ்கோப், நுனி மெல்லிய பிரஷ், பொறுமை.

இனி கருவிக்கு வருகிறேன்.

கடையில் முதலில் கேட்டார்கள்: "பனியன் துணி பாக்கறதுக்குங்ளா மேடம்?" கடல் மண் என்றதும் கடைக்கார அண்ணன் ஆர்வமாகிவிட்டார். நான் எடுத்துப்போன ஸ்லைடையே காட்சிக்கு வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கவிட்டார். அவரும் பார்த்தார். "இது செஞ்சு வெச்சதுங்ளா, தானா வளந்ததுங்ளா?" என்று கேட்டார். யாராவது வாங்கப் போனால் நீங்களும் உங்கள் ஸ்லைடை எடுத்துப் போங்கள். கேட்லாக்கைப் பார்த்து இந்தச் சாமானை வாங்கவே கூடாது.

இவ்வளவு நல்ல கடையிலும் ஒரு வருத்தம் நேர்ந்தது. பார்த்தது காட்சிப் பீஸ், வீட்டுக்கு வந்தது சீல் பிரிக்காத வேறு பீஸ். அதில் இரண்டு கண்ணுக்கும் தெரியும் படங்கள் ஒன்றாகச் சேரவில்லை. இடது குழாய் லேசாகச் சாய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாலே நெற்றிப்பொட்டு வலிக்கும். மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் பல வாரம் இழுத்தது. அந்த வாரங்களில் தோழி அனுப்பின மண் டப்பா மேஜையில் சும்மா கிடந்தது எனக்குப் பெரிய ஆதங்கம். சோதித்துப் பார்த்த அதே பீஸை வாங்கிக்கொள்வது உத்தமம். கொஞ்சம் தூசி பிடித்திருந்தாலும் பரவாயில்லை.

மாற்றி வந்த பீஸில் கண்ணாடி அருமை. ஓரம் வரைக்கும் உருவம் வளையாமல் தெரிகிறது. கண்களின் இடைவெளியை அகட்டிக் குறுக்கிக்கொள்ளலாம். கண்ணாடி போட்டவர்களுக்காக ஒவ்வொரு கண்குழாயிலும் தனித் திருகு உண்டு. 45 மடங்கில் ஃபோகஸ் வைத்துவிட்டு 7 மடங்குக்கு இறக்கினால் படம் கலையாமல் இருக்க வேண்டும். அந்தத் திருகுகளை ஒழுங்காக வைத்தால் இருக்கிறது. லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே சுமார் 100 மில்லிமீட்டர் இடம். பிரஷ் பிடித்த கை தாராளமாக உள்ளே போய் வருகிறது. பொறுக்கும் வேலைக்கு மடங்கு எண்ணைவிட இந்த இடைவெளிதான் முக்கியம் என்பேன்.

வெளிச்சம் மோசம். லென்ஸைச் சுற்றி ஒரு எல்இடி வளையம் கொடுத்திருக்கிறார்கள். அது எல்லாப் பக்கமும் சமமாக ஒளி வீசுகிறது, ஓட்டில் நிழலே விழாது. ஃபொராமில் நாம் தேடுவதே நிழலைத்தான்: அறைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளம், வாய்த்துளையின் வளைவு, மேற்பரப்பின் பொத்தல்கள். வளைய விளக்கில் எல்லாம் தட்டையான வெள்ளைப் பொட்டாகிவிடுகிறது. அதை அணைத்துவிட்டு, கழுத்து வளையும் சின்ன எல்இடி விளக்கு ஒன்றை எலெக்ட்ரிகல் கடையில் வாங்கி, இடது மேல்பக்கத்திலிருந்து தாழ்வாக அடிக்கும்படி வைத்தேன். ஃபொராம் படங்களில் ஒளி இடது மேலிருந்து விழுவதுதான் வழக்கம் என்பதால் அட்லஸோடு ஒப்பிடவும் வசதி. அடித்தட்டைக் கறுப்புப் பக்கம் திருப்பி வையுங்கள். இத்தனை மலிவான ஒரு மாற்றம் இவ்வளவு பெரிய வித்தியாசம் தருவதை வேறு எந்தச் சாமானிலும் நான் பார்த்ததில்லை.

கோவாவில் ஆராய்ச்சி செய்யும் கல்லூரித் தோழி ஓமன் கரைப்பக்கத்து மண்ணைக் களிமண் போகக் கழுவின மிச்சத்தைச் சின்ன டப்பாவில் அனுப்பினாள். அதை இந்த வெளிச்சத்தில் 40 மடங்கில் பார்த்தேன். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓடுகள். புல்லாய்டிஸ் நாலு சுண்டைக்காயைச் சேர்த்து ஒட்டினாற்போல இருக்கும். கடைசி அறையின் அடியில் நடுவே ஒரே ஒரு பெரிய வாய், அகன்ற வளைவாகத் திறந்திருக்கும். பக்கத்திலேயே கிடப்பது குளோபிஜெரினாய்டிஸ் ரூபர். அதில் கடைசிச் சுற்றில் மூன்றே அறை. அதைப் பிரஷ் நுனியால் புரட்டினால் முதுகுப் பக்கமும் சின்னத் துளைகள் தெரியும். புல்லாய்டிஸுக்கு முதுகில் துளை கிடையாது. ஆக, ஒவ்வொரு ஓடாகப் புரட்டிப் பார்த்தாக வேண்டும். ஈரப் பிரஷின் ஒரே ஒரு மயிர் தொட்டாலே ஓடு ஒட்டிக்கொள்ளும். லேசாக உருட்டி விட்டால் திரும்பிப் படுக்கும். டிரைலோபேட்டஸ் சாக்குலிஃபர் என்றால் கடைசி அறை பை மாதிரி நீண்டிருக்கும், பல சமயம் அந்தப் பை இல்லாமலும் இருக்கும். குளோபோரோட்டாலியா மெனார்டி தட்டையானது, விளிம்பில் தடித்த கரை கட்டியிருக்கும், அதைத் தவறவிடவே முடியாது. உயிரோடு இருந்தபோது சில இனங்களுக்கு நீண்ட முட்கள் உண்டு. மண்ணுக்கு வந்து சேரும் முன்னே அவை உதிர்ந்துவிடுகின்றன. முள் இருந்த அடிக்கட்டை மட்டும் சிலதில் தெரிகிறது.

சிறிய ஓடுகளில் வாய் தெரியாமல் மயங்கினால் ஒரு வழி இருக்கிறது. பச்சை ஃபுட் கலர் கலந்த தண்ணீரை மிகச் சின்னத் துளியாகத் தொட்டுவைத்தால் சாயம் பள்ளத்திலும் துளையிலும் தங்கி வடிவத்தை எடுத்துக் காட்டும். 45 மடங்குக்கு மேல் இந்தக் கருவி போகாது என்ற குறையை இது பாதி தீர்க்கிறது. 150 மைக்ரானுக்கு (0.15 மில்லிமீட்டர்) கீழே இருக்கும் குட்டிகளை நிச்சயமாக இனம் பிரிக்க இதை நம்பாதீர்கள். எண்ணிக்கைக்குப் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் நமக்குப் பெரிய நஷ்டமில்லை.

ஒரு அடுக்கில் எந்த இனம் எத்தனை பங்கு என்று எண்ணுவது ஒரு வழி. ஓட்டின் வேதியியலைப் பார்ப்பது இன்னொரு வழி. கடலிலிருந்து ஆவியாகும் தண்ணீரில் லேசான ஆக்ஸிஜன்-16 கூடுதலாகப் போகிறது. பனியுகத்தில் அது துருவப் பனியில் மாட்டிக்கொள்வதால், மிஞ்சும் கடல்நீரில் கனமான ஆக்ஸிஜன்-18 விகிதம் ஏறுகிறது. அந்த நீரில் ஓடு கட்டும் ஃபொராமிலும் அது பதிவாகிறது. தண்ணீரின் வெப்பமும் அதே எண்ணில் கலந்துதான் வரும். 1955-இல் எமிலியானி என்ற ஆராய்ச்சியாளர் இந்த எண்களைப் பெரும்பாலும் கடல் வெப்பமாகப் படித்தார். 1967-இல் ஷாக்கிள்டன், அதில் பெரும்பங்கு பனியின் அளவுதான் என்று காட்டினார். 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் தென் இந்தியப் பெருங்கடலில் எடுத்த இரண்டு மண்தண்டுகளை வைத்து, பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களின் தாளம், ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டுகள், பனியுகங்களில் இருப்பதை நிறுவினார்கள். அவர்கள் ஆக்ஸிஜன் அளக்க எடுத்துக்கொண்ட ஓடு எது தெரியுமா? இதே புல்லாய்டிஸ்தான். அதைப் படித்த நாளிலிருந்து அந்த ஓட்டைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

இந்த அளவீட்டுக்கு அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், அது பெரிய ஆய்வகங்களின் வேலை. ஆனால் அதற்கு அனுப்பும் ஓடுகளை ஒரே இனமாக, ஒரே அளவாக, உள்ளே களிமண் அடைக்காததாக, உடையாததாகத் தேர்ந்தெடுப்பது எங்கேயும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் அடியில், ஒரு மனுஷர் கையால்தான் நடக்கிறது. தவறான ஓடு ஒன்று கலந்தால் அதற்குப் பின்னால் எவ்வளவு விலையுள்ள மெஷின் வைத்தும் சரிசெய்ய முடியாது.

காரைக் களிமண்ணும் இதில் பார்த்தேன். சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல். கழுவின மிச்சத்தில் ஜிப்சம் துணுக்குகள் பளபளவென்று நிறைய இருக்கும். முதலில் கண்ணைக் கூசவைக்கும், விளக்கை இன்னும் தாழ்த்தினால் சமாளிக்கலாம். ஹெட்பெர்கெல்லா என்ற பழைய மிதவை ஃபொராம் வகையின் உருண்டை ஓடுகள் தெரிகின்றன. அரபிக்கடல் ஓடுகளின் வெண்மை இவற்றில் இல்லை. உள்ளே தாது நிரம்பிப் பழுப்பேறியிருக்கின்றன. கடலில் அப்போது என்ன மிதந்தது, அடுக்கின் வயது என்ன என்பதைச் சொல்ல இவை உதவும். ஆக்ஸிஜன் கணக்குக்கு ரொம்ப யோசிக்க வேண்டும்.

மண்ணைக் கழுவும் வேலைக்குத் தேவையானது முக்கால்வாசி நம்மூர்ச் சாயக்கடையில் கிடைக்கிறது என்பது திருப்பூர், ஈரோடு, பெருந்துறை ஆட்களுக்கு நல்ல செய்தி. ஆய்வகங்களில் களிமண்ணைக் கரைக்கப் பயன்படுத்தும் சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்ஃபேட் சாயப்பட்டறையில் தண்ணீரின் கடினத்தன்மையைக் கட்டுப்படுத்த வாங்குகிற அதே பொருள். ஹைட்ரஜன் பெராக்சைடு பிளீச்சிங்குக்கு வருவதுதான். அதை நன்றாக நீர்த்து, குறைந்த நேரம் மட்டும் வையுங்கள். ஊறவிட்டால் அமிலத்தன்மை ஏறி ஓடுகளை அரிக்கும். அசிட்டிக் ஆசிட் கேனைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். 63 மைக்ரான் பித்தளைச் சல்லடை விலை அதிகம். ஸ்கிரீன் பிரிண்டிங் மெஷ் விற்கிற கடையில் சென்டிமீட்டருக்கு 90 இழை உள்ள பாலியஸ்டர் மெஷ் கேளுங்கள். அதன் கண் 60 மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கும். பிவிசி பைப்பை வளையமாக அறுத்து, மெஷ்ஷை இழுத்து ஒட்டினால் சல்லடை தயார். ஆய்வுக் கட்டுரைக்கு இது செல்லாது, பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் தாராளம். ஒரு மண்ணைக் கழுவி முடித்ததும் சல்லடையை மெத்திலீன் ப்ளூவில் முக்கி எடுங்கள். பழைய மண்ணின் ஓடு ஏதாவது மாட்டியிருந்தால் அடுத்த முறை நீலமாக வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர்தான். நம் போர் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் உப்புப் பூத்து ஓடுகளை மூடிவிடும்.

இந்த மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாதவையும் இருக்கின்றன. காக்கோலித் என்னும், நுண்பாசிகள் கட்டும் சுண்ணாம்புத் தகடுகள் சில மைக்ரான்தான். அவற்றுக்கு ஆயிரம் மடங்கு போகும் போலரைசிங் மைக்ராஸ்கோப் வேண்டும். கரும்பலகைச் சாக்பீஸைச் சுரண்டி அதைத் தேட வேண்டாம், இப்போது வருவது பெரும்பாலும் ஜிப்சம். தானியப் பூச்சிக்கு விற்கிற டயட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) மண்ணும் இதில் வெறும் தூளாகத்தான் தெரியும். ரேடியோலேரியா என்ற சிலிக்காக் கூட்டு மிதவை உயிரி கொஞ்சம் பெரிதாக இருந்தால் வலைப்பின்னல் தெரிகிறது, மனசு நிறைகிறது, ஆனால் இனம் பிரிக்க முடியாது.

மெக்கானிக்கல் பக்கம்: ஃபோகஸ் திருகு சில மாதத்தில் தளர்ந்து தலை தானாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. இரண்டு பக்கத்துக் குமிழ்களையும் எதிரெதிராகத் திருகினால் இறுகுகிறது. இதைக் கையேட்டில் எழுதாதது குறை. கரண்ட் அடாப்டரின் வயர் குட்டை. கேமராவுக்கு ஒளி போகும்போது ஒரு கண் இருட்டாகிறது, எண்ணும்போது கேமராப் பக்கம் ஒளி போகாதபடி லீவரைத் தள்ளிவிட வேண்டும்.

கல்லூரி லேபுக்கு, பள்ளி அறிவியல் மன்றத்துக்கு, படிப்பை விடாமல் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நான் தாராளமாகச் சிபாரிசு செய்கிறேன். கேமராவை முதல் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டாம். அந்தப் பணத்தில் வளையும் விளக்கு, 000 நம்பர் பிரஷ் நாலு, கறுப்புத் தளத்தில் 60 கட்டம் போட்ட ஃபொராம் ஸ்லைடு ஒரு பெட்டி வாங்குங்கள். ஸ்லைடு கோவைக் கடையில் ஸ்டாக் வைப்பதில்லை, சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள்.